நாலு ஏக்கர், ஒன்பது மாடு: மேய்ந்த புல் ஏன் திரும்ப எழவில்லை?

சிம்பாங் அம்பாட் கொட்டாய் | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கு, செபராங் பிறை தெற்கில், சிம்பாங் அம்பாட் பக்கம் இருக்கிறேன். அப்பா நாற்பது வருஷம் பால் வியாபாரம் செய்தவர். தோட்டத்து லயங்களுக்கு முதலில் சைக்கிளில், அப்புறம் மோட்டாரில் கேன் கட்டிக்கொண்டு போய் ஊற்றுவார். போன வருஷம் ஜூலையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதிலிருந்து மாடுகள் என் பொறுப்பு. நான் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள். பால் கறக்கச் சின்ன வயசிலேயே தெரியும். புல்லைப் பற்றி எதுவும் தெரியாது என்பது இந்த எட்டு மாதத்தில்தான் புரிகிறது.

மாடுகள் ஒன்பது. கறவையும் சினையுமாக ஆறு, கிடேரி மூன்று. நாட்டு மாட்டோடு ஃபிரீஷியன் கலந்தவை, பெரியவை ஒவ்வொன்றும் 350 கிலோ இருக்கும். நிலம் நாலு ஏக்கர், குத்தகை. சுற்றி முள்கம்பி, நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. காலையில் கறந்து முடித்து ஏழரைக்கு அவிழ்த்துவிட்டால் மாலை நாலரைக்குக் கொட்டாய்க்கு வரும். ராத்திரிக்குச் செம்பனைப் பிண்ணாக்கு, சாலையோரம் அறுத்து வந்த புல்.

நான் பள்ளிக்கூடம் போகும்போது அந்த நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். சிக்னல் புல். அப்பா கையால் ஊன்றியது. இப்போது தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. வாசல் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் வெறும் களிமண். பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் சாணி குவிந்து, அங்கே மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கிறது. ஆனால் மாடு அதில் வாய் வைப்பதில்லை. மற்ற இடமெல்லாம் தொட்டாச்சிணுங்கியும் செண்டுடுக் செடியும் ஏறிவிட்டன.

இந்த வருஷம் ஜனவரியில் எங்கள் பக்கம் மழையே இல்லை. தைப்பூசத்துப் பால்குடத்துக்கு அப்பாவின் பழைய வாடிக்கை வீடுகள் எல்லாம் நம்மிடம்தான் பால் கேட்பார்கள். பால் குறைந்துவிடக் கூடாது என்று சாயங்காலம் கறந்த பிறகும் இருட்டும் வரை மேய விட்டேன். பிப்ரவரி கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. பக்கத்து வீட்டு வாசலில் நாலே நாளில் புல் எழுந்துவிட்டது. எங்கள் நிலத்தில் எழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் மண். அதைப் பார்த்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உரம் போட்டால் சரியாகுமா? இல்லை, டிராக்டர் விட்டு உழுது புதுப் புல் ஊன்ற வேண்டுமா? சித்தப்பா ஒருவர் தன்னுடைய ஆறு ஆட்டைக் கொண்டுவந்து விடுகிறேன், களையைத் தின்றுவிடும் என்கிறார். விடலாமா?

அப்பாவிடம் கேட்டால் "மாத்திக் கட்டு, மாத்திக் கட்டு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதற்கு மேல் பேச்சு தெளிவாக வரவில்லை. அவர் சொல்ல வருவது என்ன என்று தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


புக்கிட் மெர்தாஜாம் வாழைத்தோட்டம் | மார்ச் 9

மண் களைத்துப்போயிருக்கும். இத்தனை வருஷம் புல் எடுத்திருக்கிறீர்கள், திருப்பி என்ன கொடுத்தீர்கள்? யூரியா வாங்கி மழைக்கு முன்னால் வீசிப் பாருங்கள். என் வாழைக்கு ஒரே வாரத்தில் இலை நிறம் மாறும். புல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும்.


ஜாவி மாட்டுப்பட்டி | மார்ச் 10

தங்கச்சி, உரத்துக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். உழவும் வேண்டாம். முதலில் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மரத்தடியில் மாடு தொடாத புல்லில் ஒரு தூரும், நிலத்து நடுவில் பாயாகக் கிடக்கிற புல்லில் ஒரு தூரும் மண்ணோடு தோண்டுங்கள். தண்ணீரில் அலசிவிட்டு வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் கீழே எழுதுவது முழுக்க அதில் தெரியும்.

உங்கள் அப்பா சொல்வது எங்கள் வீட்டிலும் அன்றாடம் கேட்ட வார்த்தை. அந்தக் காலத்தில் பால்காரர்களுக்கு வேலி போட்ட நிலம் ஏது? முளை அடித்துக் கயிற்றில் கட்டுவோம். கயிறு எட்டுகிற வட்டம்தான் மாட்டுக்கு அன்றைய சாப்பாடு. மறுநாள் முளையைப் பிடுங்கி அடுத்த வட்டத்தில் அடிக்க வேண்டும். முதல் வட்டத்துக்குத் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். மாத்திக் கட்டு என்றால் அதுதான். சோம்பல்பட்டு மூன்று நாள் ஒரே முளையில் விட்டுவிட்டால் அப்பா என்னை வெளுத்துவிடுவார். அடித்த அடிக்குக் காரணம் எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் விளங்கியது.

மாடு கடித்ததும் புல் செத்துப்போவதில்லை. கொஞ்சம் இலை மிச்சம் இருந்தால் அதை வைத்தும், அடித்தண்டில் சேர்த்து வைத்த சத்தை எடுத்தும் புதுக் குருத்து விடும். அந்தக் குருத்து விரிந்து, வெயில் வாங்கி, எடுத்த சத்தைத் தூரில் திருப்பிச் சேர்க்கும் வரைக்கும் புல் கடனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலும் மழையும் சேர்ந்தால் நாலாம் ஐந்தாம் நாளே குருத்து மாட்டு வாய்க்கு எட்டிவிடும். மாட்டுக்கு அந்த இளங்குருத்தைவிட ருசியானது வேறு எதுவும் கிடையாது. நாலு ஏக்கரையும் மொத்தமாகத் திறந்துவிட்டால், முற்றின புல்லை ஒதுக்கிவிட்டு நேற்று முந்தாநாள் முளைத்த இடத்தைத் தேடித்தான் போகும். கடன் அடையும் முன்பே அடுத்த கடி. இலையும் இல்லை, சேமிப்பும் இல்லை என்றானதும் புல் முதலில் கைவிடுவது வேரைத்தான். வேர் குட்டையாகிவிட்டால் ஜனவரி வெயிலில் அடி ஈரத்தைத் தொட முடியாது. மழை வந்தாலும் எழுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலி இடத்தில்தான் தொட்டாச்சிணுங்கியும் செண்டுடுக்கும் வந்து உட்காரும், மாடு அவற்றைச் சீண்டுவதில்லையே. உங்கள் பக்கத்து வீட்டு வாசல் புல்லை ஜனவரியில் யாரும் கடிக்கவில்லை. அதுதான் நாலு நாளில் எழுந்தது.

எனக்கு இது புரிந்தது 1996-இல். ஜாவியில் எங்களிடம் ஐந்து ஏக்கர் இருந்தது, உங்கள் நிலம் மாதிரியே மொட்டை. வாய்க்கால் தூர் வார வந்த மண்வாரி இயந்திரம் சேற்றை அள்ளி எங்கள் நிலத்துக்குள்ளேயே நீளமாகக் கொட்டிவிட்டுப் போனது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கால் ஏக்கர் துண்டாகப் போய்விட்டது. மாடு தாண்டவில்லை. எனக்கோ கோபம், இருக்கிற புல்லே பற்றாது, அதிலும் கால் ஏக்கர் போயிற்றே என்று. ஐந்து வாரம் கழித்துத்தான் வழி வெட்டினேன். மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தால் அந்தப் பக்கம் முழங்காலுக்கு சிக்னல் புல். விதை இல்லை, உரம் இல்லை, அதே மண், அதே தூர். அன்றைக்கு அந்த மேட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமே மூங்கிலும் கம்பியும் வாங்கி நிலத்தைத் துண்டு போட ஆரம்பித்தேன்.

என் தாத்தா தாராபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே காங்கேயம் மாட்டுக்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பார்கள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை முள்வேலி. அதையும் துண்டு துண்டாக வேலி கட்டி, ஒன்றில் மேயும்போது மற்றதைப் பூட்டி வைப்பார்களாம். மழையே பெய்யாத ஊரில் அப்படிப் புல்லைக் காத்தவர்கள். இங்கே வருஷம் பூராவும் மழையை வாங்கிக்கொண்டு நாம் மொட்டையாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. அப்பா காலத்தில் முழங்கால் புல் நின்றது என்கிறீர்கள். அப்போது மாடுகள் பகலில் வேறு எங்காவது மேய்ந்திருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் சொந்தத்தில் பத்து காவானில் செம்பனைக்கு அடியில் மேய்த்தவர்கள் இருந்தார்கள். 2014-இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கமே தொழிற்சாலையும் கடைத்தொகுதியுமாக மாறிவிட்டது. மாட்டுக்கு வெளி நிலம் குறையக் குறைய, சொந்தத் துண்டுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாலு ஏக்கரையும் பத்துக் கட்டமாகப் பிரிப்பேன். கட்டம் ஒன்று 0.4 ஏக்கர். ஒன்பது மாட்டையும் மொத்தமாக ஒரு கட்டத்தில் மூன்று நாள், அப்புறம் அடுத்த கட்டம். முதல் கட்டத்துக்கு 27 நாள் ஓய்வு கிடைக்கும். மூன்று நாள் என்பது முக்கியம். அதற்கு மேல் வைத்தால் முதல் நாள் கடித்த தூரில் குருத்து வந்துவிடும், அதையே திரும்பக் கடிக்கும். தடுப்புக்கு நிரந்தர வேலி தேவையில்லை. சூரிய ஒளியில் ஓடுகிற கரண்டு வேலிப் பெட்டி ஒன்று, கையால் சுற்றுகிற கம்பிக் கயிறு இரண்டு உருளை, ஊன்றிப் பிடுங்குகிற குச்சிகள், இவ்வளவு போதும். முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு. பின்கோட்டை மறந்துவிடாதீர்கள். நிறையப் பேர் முன்னால் மட்டும் தள்ளிக்கொண்டே போவார்கள், மாடு பின்னால் வந்து குருத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

ஆனால் இப்போதே தொடங்க முடியாது. முதலில் நிலத்துக்கு ஒரு மூச்சு விட வேண்டும். மாட்டைக் கொட்டாயிலேயே கட்டி, அறுத்துப் போட்டு, ஏப்ரல் மழை பிடிக்கும் வரை நிலத்தைப் பூட்டுங்கள். குறைந்தது ஐந்து வாரம். கஷ்டம்தான், தெரியும். பால் குறையும். ஆனால் இந்த ஐந்து வாரத்தைக் கொடுக்காவிட்டால் அந்தத் தூர்கள் பிழைக்காது.


சிம்பாங் அம்பாட் கொட்டாய் | மார்ச் 11

அண்ணே, தோண்டிப் பார்த்தேன். மரத்தடித் தூரின் வேர் ஒரு சாணுக்கு மேல், தாடி மாதிரி அடர்த்தியாக இருக்கிறது. நடு நிலத்துத் தூருக்கு மூன்று விரல் நீளம், பாதி கருத்துப்போய்க் கையோடு வருகிறது. இரண்டையும் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். இடது கையால் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி. பகலில் மாடுகள் எதிரே இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்விடுமாம். இந்த நிலத்துக்கு மாதத்தில் ஏழெட்டு நாள்தான் வருமாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தில் மாடு நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லா நாளும் இங்கேயே.

ஆடு விஷயம் யாராவது சொல்லுங்கள். சித்தப்பா தினமும் போன் செய்கிறார்.


பாலிக் புலாவ் ஆட்டுக்காரன் | மார்ச் 11

அக்கா, தயவுசெய்து ஆட்டை அந்தப் புல்லில் விடாதீர்கள். சிக்னல் புல் மாட்டுக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆட்டுக்கும் செம்மறிக்கும் விஷம் மாதிரி. அதில் சாப்போனின் என்ற பொருள் இருக்கிறது, அது கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் கெட்டால் தின்ற பச்சையிலிருந்து வருகிற நிறப்பொருள் ரத்தத்திலேயே தங்கிவிடும், அப்புறம் வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். காது வீங்கும், முகம் வீங்கும், கண் மஞ்சளாகும், வெயிலுக்கு வராமல் நிழலிலேயே ஒண்டும். நான் ஆடு வளர்க்கத் தொடங்கிய முதல் வருஷம் ஒருவர் பேச்சைக் கேட்டு சிக்னல் புல்லில் விட்டேன். நாலு குட்டி போய்விட்டது. அந்தக் காது வீக்கத்தை முதலில் ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். யாருக்கும் அது நேரக் கூடாது.

ஆடு களையைத் தின்னும் என்பது உண்மை. வேலிக்கு வெளியே கட்டச் சொல்லுங்கள்.

மாற்றி மேய்ப்பதில் ஆட்டுக்காரர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு, உங்கள் கன்றுகளுக்கும் பொருந்தும். குடல் புழு. சாணியில் விழுகிற முட்டை நம் ஊர் ஈர வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். அதே வெப்பம்தான் அதைச் சீக்கிரம் சாகவும் வைக்கிறது. குளிர் நாட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், இங்கே நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் காலி. பசிபிக்கில் தோங்கா தீவில் ஆடுகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பத்துக் கட்டம், ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள். புழு மருந்துத் தேவை நன்றாகக் குறைந்தது. ஜாவி அண்ணன் புல்லுக்காகச் சொன்ன கணக்கும் ஏறக்குறைய அதே கணக்காக இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம்.


செர்டாங்கில் படித்தவள் | மார்ச் 13

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன், செர்டாங்கில் விவசாயம் படித்தேன். ஜாவி ஐயா அனுபவத்தில் சொன்னதற்கு அளந்து பார்த்த சான்றும் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையில் கிரைடர் என்பவர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு. புல்லின் மேல்பகுதியைப் பல அளவில் ஒரே தடவை வெட்டிவிட்டு வேரைக் கவனித்தார். 40% வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவே இல்லை. பாதியைத் தாண்டியதும் வேகமாக நிற்கத் தொடங்கியது. 80% வெட்டியபோது எல்லா வேரும் நின்றுவிட்டன. நீங்கள் அலசிப் பார்த்த மூன்று விரல் வேர் அதுதான், அக்கா.

அதனால் எத்தனை நாள் என்பதோடு எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டைவிரலை நிமிர்த்திக் கைமுட்டியைத் தரையில் வையுங்கள், சுமார் 15 செ.மீ. வரும். சிக்னல் புல் அந்த உயரத்துக்கு வந்ததும் மாட்டை வெளியே எடுத்துவிடுங்கள், மூன்றாம் நாள் ஆகாவிட்டாலும் சரி. உள்ளே விடுவது அதைப் போல இரண்டு மடங்கு உயரம் வந்த பிறகு. ஒவ்வொரு புல்லுக்கும் இது மாறும். பிரேசிலில் மொம்பாசா கினிப் புல்லை ஆராய்ந்தவர்கள் 90 செ.மீ. வந்ததும் மாட்டை விடச் சொல்கிறார்கள். அந்த உயரத்தில் இலைகள் விழுகிற வெளிச்சத்தில் 95% பிடித்துவிடும். அதற்கு மேல் விட்டால் அடி இலை காய்ந்து தண்டு மட்டும் கூடும், மாடு தண்டை மென்று துப்பும். வெப்ப நாட்டுப் புல்லில் இந்த ஆபத்து அதிகம். ஓய்வு நல்லது என்று இரண்டு மாதம் பூட்டி வைத்தால் பார்க்க உயரமாக இருக்கும், சத்து இருக்காது. மழைக் காலத்தில் 27 நாள்கூடச் சில கட்டத்துக்கு அதிகம், வறட்சியில் 40 நாளும் பற்றாது. நாள்காட்டியைவிட முட்டி அளவை நம்புங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடித்த கணக்கு. ஆறு பெரிய மாடு, மூன்று கிடேரி என்றால் எட்டுப் பெரிய மாட்டுக்குச் சமம். எடையில் 2.5% உலர் தீனி என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 70 கிலோ, பச்சைப் புல்லாக 350 கிலோ. வருஷத்துக்கு 25 டன் உலர் தீனி. நாலு ஏக்கர் என்பது 1.6 ஹெக்டேர். நன்றாக உரமிட்ட சிக்னல் புல் ஹெக்டேருக்கு 15 டன் தந்தாலும் மொத்தம் 24 டன். அதில் பாதியைத்தான் மாடு தின்ன வேண்டும் என்று பார்த்தோம். ஆக 12 டன். என்னதான் சரியாக மேய்த்தாலும் உங்கள் மாட்டுக்குப் பாதித் தீனிதான் நிலத்திலிருந்து வரும். மீதிப் பாதிக்குப் பிண்ணாக்கும் அறுத்த புல்லும் வேண்டும், இல்லையென்றால் மாட்டைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தெரியாமல் இருந்தால் நீங்கள் மறுபடி புல்லைத்தான் கடன் கேட்பீர்கள்.

ஒரு கட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பிவிசி குழாயில் அரை மீட்டர் சதுரம் செய்துகொள்ளுங்கள். நாலு இடத்தில் போட்டு, முட்டி உயரத்துக்கு மேலே இருக்கிற புல்லை மட்டும் வெட்டி நிறுத்துச் சராசரி எடுங்கள். 160 கிராம் வந்தால் சதுர மீட்டருக்கு 640 கிராம். கட்டம் 1,600 சதுர மீட்டர். பச்சையாக ஒரு டன், உலர்ந்த கணக்கில் 200 கிலோ. மிதிபட்டது, சாணி பட்டது போகப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வாயில் போகும். நிலத்திலிருந்து உங்களுக்குத் தேவை பாதித் தீனி, அதாவது நாளைக்கு 35 கிலோ, மூன்று நாளைக்கு 105. சரியாக வருகிறது.

உரம் பற்றி முதலில் எழுதியவர் சொன்னதும் தப்பில்லை, முறைதான் மாற வேண்டும். வேர் இல்லாத புல்லுக்கு யூரியா போட்டால் மழையோடு வாய்க்காலுக்குத்தான் போகும். வேர் தேறிய பிறகு, மாடு வெளியேறிய மறுநாள், மழை இருட்டுகிற நேரம் பார்த்து ஏக்கருக்கு 20 கிலோ அளவில் போடுங்கள். மூட்டையை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். யூரியாவை மாடு நக்கினால் உயிருக்கே ஆபத்து.


ஜாவி மாட்டுப்பட்டி | மார்ச் 13

அந்தப் பிள்ளை எழுதிய கணக்கை நான் அச்செடுத்துக் கொட்டாயில் ஒட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் பக்கம் களிமண். செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் மாடு மிதித்தால் குளம்பு ஒரு சாண் இறங்கும். அந்தக் குழியில் தண்ணீர் நின்று தூர் அழுகும், காய்ந்தால் கல் மாதிரி இறுகி வேர் நுழையாது. அந்த நாட்களில் வாசலை ஒட்டிய ஒரே கட்டத்தை மட்டும் மிதிபட விட்டுவிடுங்கள், மற்ற ஒன்பதையும் காப்பாற்றலாம். தண்ணீர்த் தொட்டியையும் கட்டத்துக்குக் கட்டம் மாற்றுங்கள், ரப்பர் குழாய் போட்டால் போதும். மாடு எங்கே தண்ணீர் குடித்து எங்கே நிழலில் படுக்கிறதோ அங்கேதான் சாணியைப் போடும். நிலம் முழுக்கத் தின்ற சத்தை உங்கள் மாடுகள் மூன்று வருஷமாகத் தூங்குமூஞ்சி மரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. மாற்றிக் கட்டினால் அது அந்தந்தக் கட்டத்திலேயே விழும்.


சிம்பாங் அம்பாட் கொட்டாய் | ஜூன் 16

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், வேலை நெட்டி முறித்துவிட்டது.

மார்ச் 14-லிருந்து ஏப்ரல் 20 வரை நிலத்தைப் பூட்டினேன். அந்த ஐந்து வாரம் விடிகாலை ஐந்து மணிக்கே பக்கத்துப் பையன் ஒருவனோடு லாரியில் போய் வாய்க்கால் கரையிலும் சாலையோரமும் புல் அறுத்தோம். பால் நாளைக்கு ஏழு லிட்டர் குறைந்தது. இரண்டு வீட்டுக்குப் பால் நிறுத்த வேண்டியிருந்தது, அவர்களிடம் நேரில் போய்ச் சொன்னேன். கணக்கைப் பார்த்த பிறகு ஒரு கிடேரியை விற்றேன். கொடுத்தது தெரிந்த ஆள்தான், ஆனாலும் அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை.

பத்து நாள் வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் மழை பிடித்தது. அப்புறம் தினம் காலையில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் வேலி ஓரம், அப்புறம் நடுவில் ஆங்காங்கே தூர் தூராக. செண்டுடுக்கை வேரோடு பிடுங்கினோம், தொட்டாச்சிணுங்கியைப் பூக்கும் முன்னால் வெட்டினோம். கட்டம் ஏழும் எட்டும் மட்டும் இன்னும் சொட்டையாகவே இருக்கின்றன. அங்கே நல்ல இடத்திலிருந்து தண்டு எடுத்து மழை நாளில் ஊன்றியிருக்கிறேன், அவை இரண்டும் ஆகஸ்டு வரை பூட்டுதான். எட்டுக் கட்டத்தில்தான் சுற்று ஓடுகிறது, அதனால் ஓய்வு 21 நாள். அதற்கு ஈடாக ராத்திரித் தீனியைக் கூட்டியிருக்கிறேன்.

இப்போது மூன்றாவது சுற்று நடக்கிறது. முதல் சுற்றில் சதுரத்துக்கு 70 கிராம்தான் வந்தது, அதனால் மூன்று நாளுக்குப் பதில் ஒன்றரை நாளில் நகர்த்தி, மீதி நேரம் கொட்டாயில் கட்டினேன். இரண்டாவது சுற்றில் 110. நேற்று கட்டம் மூன்றில் 150 வந்தது. நாலு தடவை நிறுத்துப் பார்த்தேன். மாடுகள் கம்பிக்குப் பழகிவிட்டன. கயிற்று உருளையை நான் கையில் எடுத்தாலே எட்டும் வரிசையாக வந்து நிற்கின்றன. சித்தப்பாவின் ஆடுகள் வேலிக்கு வெளியேதான்.

அப்பாவை நேற்று சக்கர நாற்காலியில் கட்டம் மூன்று வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். மாடுகளை விடுவதற்கு முன்னால். இடது கையைத் தாழ்த்திப் புல்லுக்குள் விட்டு அடித்தூரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கட்டம் நாலைக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு தடவை கேட்டபிறகுதான் புரிந்தது. அது இன்னும் இரண்டு முட்டி உயரத்துக்கு வரவில்லை, மூன்று நாளில் அங்கே நகர்த்தாதே என்கிறார். போய் அளந்து பார்த்தேன், 18 செ.மீ. தான் இருந்தது.

ஜாவி அண்ணே, இப்படி ஒரு கட்டம் பின்தங்கினால் அதைத் தாண்டி ஐந்துக்குப் போய்விடலாமா? இல்லை, வரிசை மாறாமல் கொட்டாயில் கட்டிக் காத்திருக்க வேண்டுமா?


ஜாவி மாட்டுப்பட்டி | ஜூன் 16

தாண்டிப் போங்கள் தங்கச்சி. ஐந்தில் உயரம் இருந்தால் ஐந்து, இல்லையென்றால் ஆறு. வரிசை நம் வசதிக்குத்தான். நாலை வெள்ளிக்கிழமை மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.